உள்வாடகைக்கு வீடு தேடுபவர்கள் கவனத்துக்கு: போனில் கேட்ட "ஓனர்" குரலை நம்பாதீர்கள்

வேளச்சேரியில் இரண்டு பெட்ரூம் வீடு. வாடகை 18,000, அட்வான்ஸ் 90,000. பணத்தை வாங்கியவர் ஓனர் இல்லை, அங்கே குடியிருந்தவர். பெங்களூருக்கு மாற்றலாகிவிட்டது, ஒப்பந்தம் முடியும்வரை உள்வாடகைக்கு விடுகிறேன் என்றார். ஓனருக்குச் சம்மதமா என்று கேட்டோம். உடனே போன் போட்டு ஸ்பீக்கரில் பேசவைத்தார். "தாராளமா இருங்கம்மா, வீட்டைச் சுத்தமா வெச்சுக்கிட்டா போதும்" என்றது ஒரு பெண் குரல். அது யார் குரல் என்று இன்றுவரை தெரியவில்லை.

உண்மையான ஓனர் தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் வயதான அம்மா. சில மாதமாக வாடகை வரவில்லை என்று மகனோடு நேரில் வந்துவிட்டார். கதவைத் திறந்த என்னைப் பார்த்து, "நீ யாரும்மா? எங்க வீட்ல எப்படி இருக்கே?" என்றார். அவர் குரலில் கோபத்தைவிடப் பதற்றம்தான் இருந்தது. அவர் பையிலிருந்து எடுத்த ஒப்பந்தத்தில் வாடகை 14,000. உள்வாடகைக்கு விடக்கூடாது என்று அதில் தனி வரியே இருந்தது. எங்களுக்குக் காட்டிய ஜெராக்ஸில் முதல் பக்கமும் கையெழுத்துப் பக்கமும் மட்டும்தான் இருந்தன, அதிலும் வாடகைத் தொகை மாற்றப்பட்டிருந்தது. மாதாமாதம் எங்களிடம் 18,000 வாங்கிக்கொண்டு, அந்த அம்மாவுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பவில்லை அந்த ஆள். இப்போது அவர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன் 7-ஆம் பிரிவுப்படி, ஓனர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் கொடுக்காமல் குடியிருப்பவர் வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ உள்வாடகைக்கு விட முடியாது. மீறினால் ஓனர் காலி செய்யச் சொல்ல அதுவே போதும். அட்வான்ஸ் கொடுத்து உள்ளே வந்தவருக்கு ஓனரிடம் கேட்க எந்த உரிமையும் இருக்காது. அந்த அம்மா எங்களுக்கு அவகாசம் கொடுத்தது அவருடைய நல்ல மனசு.

அதனால் சம்மதக் கடிதத்தை ஓனர் கையெழுத்தோடு வாங்குங்கள். முடிந்தால் அவரை நேரில் பாருங்கள், வெளியூர் என்றால் வீடியோ காலில் ஆதாரைக் காட்டச் சொல்லுங்கள். சொத்துவரி ரசீது, இபி பில் இரண்டிலும் யார் பெயர் என்று பாருங்கள். சர்வே நம்பரோ பத்திர நம்பரோ கிடைத்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் விவரத்தை, இலவசமாகவே பார்க்கலாம். மூல ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் கேளுங்கள். அது வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருந்தால் பதிவெண் இருக்கும், அதையும் கேளுங்கள். தயங்குகிற ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அட்வான்ஸ் விஷயத்திலும் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால் 3 மாத வாடகைதான் சட்டப்படி உச்சவரம்பு. எங்களிடம் வாங்கியது 5 மாதம். எதைக் கொடுத்தாலும் வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். எங்கள் புகாருக்கு இப்போது கையில் இருக்கும் ஒரே பலமான ஆதாரம் அந்தப் பரிமாற்ற விவரம்தான்.

போலீஸில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கியிருக்கிறோம். இதற்குள் அதே ஹால் படங்களோடு, மேடவாக்கத்தில் வீடு என்று வேறொரு விளம்பரம் வந்திருக்கிறது. நீலப் பெயின்ட் அடித்த சுவர், ஜன்னல் பக்கம் ஊஞ்சல் கொக்கி. அந்தப் படத்தைப் பார்த்தால் அட்வான்ஸ் கொடுக்குமுன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், ஓனரின் மகனிடமே பேசவைக்கிறேன்.