சாவிக்கொத்துக்கு எந்தப் பென் டிரைவ்: தள்ளி நீட்டும் பிளாஸ்டிக்கா, ஒரே துண்டு உலோகமா?

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் பென் டிரைவுக்கு முதல் எதிரி உப்புக்காற்றும் வியர்வையும்தான். தள்ளி நீட்டும் பிளாஸ்டிக் வகையில் முன்வாய் திறந்தே கிடக்கும். சட்டைப்பை நூலும் கடற்கரை மணலும் உள்ளே அடையும். பூட்டும் பல் தேய்ந்துவிட்டால், ஜெராக்ஸ் கடைக் கணினியில் செருகும்போதே முனை பின்னுக்கு ஓடிவிடும். மேசை டிராயரோடு நிற்பதென்றால் அது போதும்.

உலோக வகையில் நகரும் பாகமே இல்லை. அதிலும் நினைவகமும் கட்டுப்பாட்டுச் சில்லும் ஒரே வார்ப்பில் அடங்கியதையே தேடி வாங்குங்கள்: ஈரம் எளிதில் புகாது, சாலிடர் விரிசலும் அரிது. பெரிய கோப்பு ஏற்றும்போது உடல் சுடும். உள்ளிருக்கும் சூட்டை உலோகம் வெளியே கடத்துவதுதான் காரணம். நனைந்தால் துடைத்து, முழுக்க உலர்ந்தபின் செருகுங்கள். செருகுமுன் சாவிகளைக் கழற்றிவிடுங்கள். தொங்கும் எடை போர்ட்டைத் தளர்த்திவிடும்.