புல் வெட்ட ரோபோவா, ஆளா?

புல்தரை ஒரே துண்டாக, பெரிய மேடுபள்ளம் இல்லாமல் இருந்தால் ரோபோவே மேல். அது தினமும் சில மில்லிமீட்டர் மட்டும் நறுக்கி, தூளை அங்கேயே உரமாக விட்டுவிடும். அள்ளிக் கொட்டும் வேலை இல்லை. ஆனால் புல் முழங்கால் உயரம் வளர்ந்த பிறகு இறக்கிவிட்டால் திணறி நின்றுவிடும். முதல் வெட்டு சாதாரண இயந்திரத்தில்தான்.

தொல்லை பெரும்பாலும் எல்லைக் கம்பியில், அதாவது ரோபோ தாண்டிப் போகாதபடி புல்தரையைச் சுற்றிப் பதிக்கும் கம்பியில் வரும். மண்வெட்டி பட்டு அது அறுந்தால் ரோபோ அசையாது. அறுந்த முனைகளை வெறுமனே முறுக்கி டேப் ஒட்டினால் ஈரம் இறங்கி அரித்துவிடும். ஈரம் புகாத, ஜெல் நிரப்பிய இணைப்பான்தான் நீடிக்கும். கம்பி இல்லாமல் செயற்கைக்கோள் மூலம் வழி அறியும் வகைக்குத் திறந்த வானம் வேண்டும், அடர்ந்த மரத்தடியில் வழி தவறும். சவர பிளேடு போன்ற கத்திகள் மழுங்கினால் புல்நுனி பிய்ந்து வெளுக்கும். ஓரிரு மாதத்தில் மாற்றுங்கள், திருகுகளையும் சேர்த்து. சுவரோரப் புல்லை எப்படியும் கையால்தான் வெட்ட வேண்டும். இரவில் ஓட விடாதீர்கள், சிறு பிராணிகள் அடிபடும்.

ஆள் வைத்தால் ஓரம், களை, வேலி எல்லாம் ஒரே கையில் முடியும். செங்குத்துச் சரிவுக்கும் சிதறிய துண்டுகளுக்கும் அதுதான் சரி. சிக்கல் இடைவெளியில்: மழையில் ஒரு முறை தவறினால், அடுத்த முறை ஒட்ட வெட்டிவிடுவார்கள். ஒரே வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் புல் மஞ்சளாகும். 5 செ.மீ. வேண்டுமென்றால் 7.5 செ.மீ. எட்டும்போதே வரச் சொல்லுங்கள். இயந்திரத்தைக் கழுவிக் கொண்டு வரச் சொல்வதும் முக்கியம். அடுத்த தோட்டத்துக் களைவிதை அதில்தான் சவாரி செய்கிறது.