வளைந்த தமிழ்த் தலைப்பு: பிக்சலை வளைப்பதா, வெளிக்கோட்டை வளைப்பதா?

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கினால் யாழ்ப்பாணத்து அச்சகங்களில் தண்ணீர்ப்பந்தல் பனர் வேலை குவியும். தலைப்பு வில்லாக வளைய வேண்டும், ஓரம் கட்ட வேண்டும், நிழல் விழ வேண்டும். இதற்கென ஒரு கருவியை நாமே எழுதுவதென்றால் வழி இரண்டு: எழுத்தைப் படமாக்கிப் பிக்சல்களை வளைப்பது, அல்லது எழுத்துருவின் வெளிக்கோட்டை வளைத்துவிட்டுக் கடைசியில் நிறம் நிரப்புவது. தமிழுக்கு இரண்டாவதுதான் என்பது எங்கள் முடிவு.

பிக்சல் வழி எழுத இலகு. ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்க நிரலகத்தில் பிக்சல்களை இடம்மாற்றித் தரும் ரீமேப் இருந்தால் இருபது வரிக்குள் முடியும். பின்னிருந்து முன்னே போக வேண்டும், அவ்வளவுதான்: விளைவுப் படத்தின் ஒவ்வொரு பிக்சலும் மூலத்தில் எந்த இடத்துக்குரியது என்று கணிக்க வேண்டும். மாறிச் செய்தால் எழுத்து இழுபடும் இடமெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். நினைவகமும் பெரிய தடையில்லை. 8க்கு 4 அடி பனர் அங்குலத்துக்கு 100 புள்ளியில் 9600க்கு 4800 பிக்சல். படம் 184 மெகாபைட், ரீமேப் கேட்கும் இரண்டு ஆள்கூற்று அட்டவணைகளும் சேர்ந்து 369 மெகாபைட்.

அடிபடுவது திருத்தத்தில். உபயகாரர் பெயரில் ஒரு அரவு (ா) விடுபட்டிருக்கும், திகதி மாறும், 8 அடிக்குச் செய்ததை வாசலுக்கு 28 அடியில் கேட்பார்கள். பிக்சலாகிவிட்ட எழுத்தில் அரவைச் செருக ஏலாது. வளைத்த படத்தையே இன்னொரு முறை வளைத்தால், ஒவ்வொரு தடவையும் அயல் பிக்சல்களின் நிறம் கலந்து விளிம்பு மங்கும். ரீமேப்பின் ஆவணமோ படத்தின் பக்கம் 32767 பிக்சலுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்கிறது. 28 அடி என்றால் 33600. வெளிக்கோட்டு வழியில் கோப்பில் கிடப்பது சொல், எழுத்துரு, வளைவின் ஆரம் ஆகிய மூன்றும்தான். சொல்லைத் திருத்தினால் மற்றதெல்லாம் தானாக மீள வரையப்படும். எந்த அளவில் அச்சடித்தாலும் விளிம்பு கூர்மையாகவே நிற்கும்.

ஆனால் இந்த வழிக்கும் தொல்லைகள் உண்டு. முதலாவது, தமிழ். "பொங்கல்" என்பதன் முதலெழுத்து யூனிகோட்டில் இரண்டு குறி; திரையிலோ கொம்பு (ெ), ப, அரவு என மூன்று உருக்கள். சரத்தைக் குறி குறியாக வெட்டி வில்லில் அடுக்கும் கருவியில் ப தனியாகவும், புள்ளி வட்டம் தொங்கும் கொம்பும் அரவும் தனியாகவும் வரும். ஆகவே முழுச் சொல்லையும் முதலில் எழுத்துகளைக் கோக்கும் நிரலகமான ஹார்ஃப்பஸ்ஸிடம் கொடுத்து உருக்களையும் அவற்றின் இடத்தையும் வாங்க வேண்டும். அதன் பிறகே, எழுத்துருக் கோப்பை வாசிக்கும் ஃபிரீடைப் நிரலகத்தில் வெளிக்கோடு. எழுத்தை வளைக்காமல் திருப்பி மட்டும் வைப்பதென்றால், ஒரே கொத்தை (பொ போன்ற ஒரு முழு எழுத்தை) சேர்ந்த உருக்களைச் சேர்த்தே திருப்புங்கள். கொம்பைத் தனியாகத் திருப்பினால் மேலே விசிறி போல இடைவெளி விழுந்து, அது முந்திய எழுத்தோடு ஒட்டியது போலத் தெரியும். யூனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பு வந்தால் யூனிகோட்டுக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். அங்கே கொத்து என்ற தகவலே கிடையாது.

இரண்டாவது, நேர்கோடு. ப-வின் அடிக்கோட்டுக்கு வெளிக்கோட்டில் இரு முனைப்புள்ளிகள்தான். அவற்றை மட்டும் நகர்த்தினால் எழுத்து சாயுமே தவிர அடிக்கோடு வளையாது. பிழையின் அளவு, கோட்டு நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் ஏறத்தாழக் கிடைக்கும். 200 மில்லிமீற்றர் ஆரமுள்ள வட்ட இலச்சினையில் 40 மில்லிமீற்றர் அடிக்கோடு என்றால் 1 மில்லிமீற்றர், கண்ணில் குத்தும். இரண்டாக வெட்டினால் 0.25, நான்காக வெட்டினால் 0.06. அங்குலத்துக்கு 100 புள்ளியில் ஒரு பிக்சலே 0.25 மில்லிமீற்றர் என்பதால் நான்கு போதும். வளைகோடுகளையும் இதே போல் பிரித்த பிறகே நகர்த்த வேண்டும்.

மற்றவை சில்லறை. மையத்தை நோக்கி நீளும் பகுதி ஆரத்தைவிடப் பெரிதானால் எழுத்து தன்மேலேயே மடியும். கருவி அந்த ஆரத்தை மறுக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஒற்றை-இரட்டை விதிப்படி (வெளியிலிருந்து அந்த இடத்துக்கு வர எத்தனை கோடு கடக்கிறோம் என்று எண்ணி, ஒற்றையானால் மட்டும்) நிரப்பினால் அந்த இடம் வெள்ளையாகும். கோடு அந்த இடத்தை எத்தனை தடவை சுற்றுகிறது என்று பார்த்து, பூச்சியமில்லாவிட்டால் நிரப்பும் சுற்றெண் விதியைப் பாவியுங்கள்.

புகைப்படம் என்றால் பேச்சே இல்லை, பிக்சல் வழிதான். கிராபிக்ஸ் அட்டையில் ஷேடர் (அட்டையிலேயே ஓடும் சிறு நிரல்) கொண்டு வளைப்பது திரையில் இழுத்துப் பார்க்க அருமை. பனர் அளவு அச்சுக்கு அதை நம்பலாமா என்று அடித்துச் சொல்லத் தயங்குகிறோம்.

ஓரக்கோடும் நிழலும் எப்போதும் வளைத்த பிறகுதான். முதலிலேயே ஓரம் கட்டினால் விரியும் பக்கம் தடித்து, சுருங்கும் பக்கம் மெலியும். நிழலோடு சேர்த்து வளைத்தாலோ நிழலும் எழுத்தோடு திரும்பிவிடும்: வில்லின் இடது முனையில் ஒரு பக்கம், வலது முனையில் வேறு பக்கம், ஒரே பனரில் இரண்டு சூரியன்.