தென்னாப்பிரிக்கப் பவர்பால்: வாங்கலாமா, அக்கா?

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக டர்பனில் வந்து இறங்கும் பிள்ளைகள், கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்று கேட்ட கையோடு இதையும் கேட்கிறார்கள்: "அக்கா, இங்கே கடையிலேயே பவர்பால் லாட்டரி விக்கிறாங்களே, வாங்கலாமா?" 2003-இல் தடை வந்த பிறகு வளர்ந்த பிள்ளைகள், சீட்டையே கையில் பிடித்துப் பார்த்ததில்லை. நான் கம்பத்துக்காரி. தடை வந்ததும் எங்கள் ஊர்க்காரர்கள் மலையேறிக் குமுளிக்குப் போய்க் கேரளச் சீட்டு வாங்கிவந்தார்கள். அதனால் இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்றே நினைக்கிறேன்.

கேரளச் சீட்டில் எண் முன்பே அச்சாகியிருக்கும். தொங்கவிட்டிருக்கும் கட்டில் ராசியானதாகப் பார்த்து உருவிக்கொள்ள வேண்டியதுதான். பவர்பாலில் எண்ணை நாமே குறிக்கலாம். 50 எண்களில் ஐந்து, அதோடு தனியாக ஒரு பவர்பால் எண். இந்த ஆறும் சேர்ந்தது ஒரு வரிசை, அதற்கு 5 ராண்ட். செவ்வாயும் வெள்ளியும் இரவில் குலுக்கல். யோசிக்கச் சோம்பலாக இருந்தால் 'க்விக் பிக்' என்று சொன்னால் போதும், இயந்திரமே எண்களைப் போட்டுத் தந்துவிடும். 108 பிடித்தவர்களுக்கு இங்கே வழியில்லை. கட்டம் ஐம்பதோடு முடிந்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் எந்தச் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும், சிகரெட்டும் ஏர்டைமும் (போன் ரீசார்ஜ்) விற்கும் கவுன்டரில்தான் நீளமான கியூ. பக்கத்து வீட்டு அங்கிள் அங்கே தவறாமல் நிற்பார். எழுபதைத் தாண்டியவர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலில் வந்தவர்கள். க்விக் பிக் என்ற பேச்சை எடுத்தாலே கையெடுத்துக் கும்பிடுவார். "மெஷின் குடுக்குற நம்பர் மெஷினுக்குத்தான்மா விழும்" என்பது அவர் கட்சி. இறந்துபோன மனைவியின் பிறந்த நாள், வீட்டு எண், ஓட்டிய பஸ்ஸின் எண், தைப்பூசக் காவடி எடுத்த தேதி. வருடக்கணக்காக அதே எண்கள்தான். சீட்டைக் கொண்டுவந்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்.

மறுநாள் காலையில் அவர் சீட்டைச் சரிபார்ப்பதைப் பார்க்க வேண்டும். நான் போனில் முடிவை வாசிப்பேன். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, பென்சில் முனையால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டே வருவார். "இருபத்துமூணா? என்கிட்ட இருபத்துநாலு இருக்கே! ஐயோ, ஒண்ணுல தப்பிப்போச்சு!" பந்துகள் என்னவோ எண் வரிசைப்படி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, இருபத்துநாலு எழுந்துவருவதற்குள் இருபத்துமூன்று முந்திக்கொண்ட மாதிரி! இருபத்துநாலுக்கு இருபத்துமூன்று எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்தான் நாற்பத்தொன்பதும். சொன்னால் கேட்க மாட்டார். அந்த "ஒண்ணுல" என்ற வார்த்தைதான் அடுத்த செவ்வாய்க்கிழமை சீட்டையும் விற்றுக்கொடுக்கிறது.

சரி, விழுமா? 50-க்குள் ஐந்து, 20-க்குள் ஒரு பவர்பால் என்று வைத்துக் கணக்குப் போட்டால், முதல் பரிசுக்கான வாய்ப்பு 4 கோடியே 23 லட்சத்து 75 ஆயிரத்து 200-இல் ஒன்று. இந்த நாட்டின் மக்கள்தொகையே ஆறு கோடிச் சொச்சம்தான். ஏதாவது ஒரு பரிசு என்று பார்த்தால் சுமார் 18 வரிசைக்கு ஒன்று தேறும். ஆனால் அந்த 'ஏதாவது' பெரும்பாலும் 10 ராண்ட், இல்லையென்றால் 15 ராண்ட். 18 வரிசைக்கு 90 ராண்ட் கட்டி 10 ராண்ட் வாங்குவதை எங்கள் ஊரில் ஜெயிப்பது என்று சொல்ல மாட்டார்கள். அந்தப் பத்து ராண்டையும் யாரும் வீட்டுக்கு எடுத்துப்போய் நான் பார்த்ததில்லை. "அதுக்கும் சீட்டே குடுத்துடு" என்று கவுன்டரிலேயே திருப்பித் தள்ளிவிடுகிறார்கள்.

எண்ணைத் தேர்வு செய்வதில் ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருப்பது நல்லது. 2020 டிசம்பர் 1 குலுக்கலில் 5, 6, 7, 8, 9 வந்தது, பவர்பால் 10. நாடே மோசடி மோசடி என்று கூச்சல் போட்டது. ஆனால் அந்த வரிசையையும் 20 பேர் எழுதி வைத்திருந்தார்கள்! 11 கோடியே 40 லட்சம் ராண்டை 20 பங்காகப் பிரித்து ஆளுக்கு 57 லட்சம் போல வாங்கிக்கொண்டார்கள். பவர்பால் மட்டும் தவறிய 79 பேருக்குக் கிடைத்தது தலைக்கு 6,283 ராண்ட். எந்த எண் வருவதற்கும் வாய்ப்பு ஒன்றுதான். பிறந்த நாள், கட்டத்தில் சாய்வுக் கோடாக வரும் எண்கள், 5-6-7 என்று ஊரே குறிக்கும் எண்களைக் குறித்தால், விழுகிற அன்றைக்குப் பங்காளிகள் கூடிவிடுவார்கள், அவ்வளவே. பிறந்த நாள்காரர்கள் 31-ஐத் தாண்டுவதும் இல்லை. அதற்காகவாவது நான் க்விக் பிக் கட்சி.

பாராட்ட வேண்டியதும் இருக்கிறது. பரிசுப் பணத்துக்கு இங்கே வருமான வரி கிடையாது. இந்தியாவில் 30 சதவீதம் போய்விடும். பரிசு கேட்க 365 நாள் அவகாசம் உண்டு. சீட்டு மட்டும் பில் போடும் வெப்பத் தாளில்தான் வருகிறது. கார் டாஷ்போர்டில் வெயிலில் போட்டுவைத்தால் எழுத்து மங்கிவிடும். முருகன் படத்துக்குப் பின்னால் வைப்பது உண்மையிலேயே நல்ல யோசனை.

அண்ணா காலத்தில் தமிழ்நாட்டு லாட்டரிக்கு "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்றார்கள். இங்கேயும் ஏட்டளவில் அதே கதைதான். விற்பனையில் ஒரு பங்கு தேசிய லாட்டரி ஆணையம் வழியாக விளையாட்டு, கலை, தொண்டு நிறுவனங்களுக்குப் போக வேண்டும். அந்த நிதியைக் கொடுத்ததில் முறைகேடு என்று புகார் கிளம்பி, 2020-இல் சிறப்புப் புலனாய்வுப் பிரிவிடம் விசாரணை ஒப்படைக்கப்பட்டது. ஆகவே "தோற்றாலும் தர்மம்தானே" என்று மனதைத் தேற்றிக்கொள்வதற்கு நான் மதிப்பெண் தருவதாக இல்லை.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வாரம் ஒரு வரிசை வாங்கு, தாராளமாக. குலுக்கல் வரைக்கும் கம்பத்தில் எந்தத் தெருவில் வீடு கட்டுவது என்று மனக்கணக்குப் போடலாம், 5 ராண்டுக்கு அது மலிவுதான். கவுன்டரில் "பிளஸ்ஸும் சேர்க்கட்டுமா?" என்று கேட்பார்கள். இன்னும் 2.50 ராண்டுக்கு அதே எண்கள் இன்னொரு குலுக்கலிலும் ஓடும். வேண்டாம் என்று சொல்லிப் பழகு. வங்கி ஆப்பிலும் வாங்கலாம், சின்னப் பரிசு தானாகக் கணக்கில் ஏறிவிடும், சீட்டு தொலைகிற பயமும் இல்லை. ஆனால் ஆப்பில் பத்து வரிசை வாங்க அரை நிமிடம் போதும். கடையில் முன்னால் நிற்கும் நாலு பேரும் எண் குறித்து முடிப்பதற்குள், இரண்டாவது வரிசை வாங்கும் ஆசையே பாதிப் பேருக்குப் போய்விடும். நான் கடையில்தான் வாங்குகிறேன்.