கவாசாகி 636-ஐ தினமும் ஓட்டினால்: சூப்பர்ஸ்போர்ட் எங்கே வேறுபடுகிறது?

கவாசாகியின் நிஞ்ஜா 650-ஐயும் இசட்எக்ஸ்-6ஆர்-ஐயும் (636 சிசி இன்ஜின் என்பதால் சுருக்கமாக 636) பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ரெண்டுக்கும் முழு ஃபேரிங் (காற்றைக் கிழிக்கும் வெளிமூடி). எடை ஒன்று 196 கிலோ, இன்னொன்று 198. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சாய்வுகூட 24 டிகிரி, 23.5 டிகிரி என்று ஒட்டித்தான் இருக்கிறது. அப்புறம் ஒன்றை ஸ்போர்ட் பைக் என்றும் மற்றதை சூப்பர்ஸ்போர்ட் என்றும் ஏன் பிரிக்கிறார்கள்?

டார்க், அதாவது இன்ஜினின் இழுவை, எவ்வளவு என்று பார்த்தால் பதில் கிடைக்கும். நிஞ்ஜா 650 தருவது 64 நியூட்டன் மீட்டர், 636 தருவது 69. இழுவை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதலாவது அதை 6,700 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) தந்துவிடுகிறது, 636-க்கு 10,800 வேண்டும். அதே அளவு இழுவையை ஒரு நிமிடத்தில் இன்னும் அதிகச் சுற்றுகளுக்குக் கொடுப்பதால்தான் பவர் 68 பி.எஸ்.ஸிலிருந்து 124-க்குத் தாவுகிறது. அதிக ஆர்பிஎம்மில் கிடைக்கும் பவருக்காகக் குறைந்த ஆர்பிஎம்மில் உள்ள இழுவையை விட்டுக்கொடுத்த இன்ஜின் இது. சூப்பர்ஸ்போர்ட்டோடு வாழ்வதில் வரும் சுகமும் தொல்லையும் பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன.

இவ்வளவு சுற்ற வேண்டுமென்றால் பிஸ்டன் குறைந்த தூரம்தான் ஏறி இறங்கவேண்டும். அந்தத் தூரம்தான் ஸ்ட்ரோக். நிஞ்ஜா 650-இல் அது 60 மி.மீ., 636-இல் 45.1. கணக்குப் போட்டால், 8,000 ஆர்பிஎம்மில் 650-இன் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 16 மீட்டர் ஓடுகிறது. 13,000-இல் 636-இன் பிஸ்டன் 19.5 மீட்டர். யமஹா ஆர்6-இல் ஸ்ட்ரோக் இன்னும் குறைவு, 42.5 மி.மீ. 600 சிசி பந்தய விதிக்குள் நின்று பவர் எடுக்க அதுதான் வழி. 1999 முதல் உலக சாம்பியன்ஷிப்பாக நடக்கும் சூப்பர்ஸ்போர்ட் பந்தயத்தில் நாலு சிலிண்டருக்கு நெடுங்காலம் 600 சிசிதான் வரம்பு. கவாசாகி கூடுதலாக 37 சிசி சேர்த்தது சாலையில் ஓட்டுபவருக்காக. அந்த 37 சிசி நடு ஆர்பிஎம்மில் நன்றாகவே தெரிகிறது.

நாலு சிலிண்டர் இருந்தாலே சூப்பர்ஸ்போர்ட் என்று நினைப்பவர்கள் நிறைய. ஹோண்டா சிபிஆர்650ஆர்-ம் நாலு சிலிண்டர்தான், ஆனால் 95 பி.எஸ்.ஸுக்கு ட்யூன் செய்து ஸ்டீல் ஃப்ரேமில் வைத்த சாலை பைக். அருமையான வண்டி, ஆனால் வேறு வகை.

சென்னை டிராஃபிக்கில் 636-இன் முதல் கியர் ரொம்ப நீளம். 13,000 ஆர்பிஎம் வரை இழுத்தால் அந்த ஒரு கியரிலேயே 95 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும். அதனால் 15 கிலோமீட்டரில் ஊர்ந்து போக கிளட்சைப் பாதி பிடித்தே ஓட்டவேண்டியிருக்கிறது. ஆறாவது கியரில் 100-இல் போனால் சுமார் 5,400 ஆர்பிஎம். ஓவர்டேக் செய்ய ரெண்டு கியர் குறைத்தே ஆகவேண்டும். குயிக்‌ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற உதவும் சென்சார்) கியரை மேலே ஏற்ற மட்டும்தான், இறக்கக் கிளட்ச் பிடிக்கத்தான் வேண்டும். கியர் லீவருக்கு அடியில் கால்விரலை முட்டவைத்துக்கொண்டு ஓட்டினால் சென்சார் ஏமாந்து இக்னிஷனைக் கட் செய்யும். அந்த வெட்டு வெட்டென்ற இழுப்பைப் பலர் ஃப்யூயல் பிரச்சினை என்று நினைத்துவிடுகிறார்கள். காலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், சரியாகிவிடும்.

கம்ப்ரஷன் 12.9:1. 91 ஆக்டேன் பெட்ரோலில் வெயில் நேரத்தில் பாரம் ஏற்றி இழுத்தால் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்து இன்ஜின் தட்டுவது) வர வாய்ப்பிருக்கிறது. 95 ஆக்டேன் போடுவதே சரி, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். சிக்னலில் ஃபேன் ஓடத் தொடங்கியதும் சூட்டுக் காற்று தொடையில் அடிக்கும். அது கோளாறு இல்லை. ரேடியேட்டர் ஃபின்களில் பூச்சியும் மண்ணும் அடைத்திருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். மெதுவான தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் அடித்தால் ஃபின் மடங்கிவிடும்.

முன்னால் குனிந்து ஓட்டுவதில் வரும் மணிக்கட்டு வலிக்கு எளிய காரணம் உண்டு. 100-ஐத் தாண்டினால் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கும், 40-இல் தாங்க எதுவும் இல்லை. முட்டியால் டேங்கைப் பிடித்து, முதுகுத்தசையால் உடம்பைத் தாங்கினால் கை லேசாகும். டேங்க் கிரிப் (டேங்கின் பக்கங்களில் ஒட்டும் ரப்பர் பட்டை) ஒட்டுவது ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் எந்த ஆக்ஸஸரியையும்விடப் பலன் தரும்.

இனி ஃபோர்க். சூப்பர்ஸ்போர்ட்டுக்குக் கொடுக்கும் காசில் ஒரு நல்ல பங்கு இதற்கும் பிரேக்குக்கும் போகிறது. 636-இன் ஷோவா ஃபோர்க்கில் ஒரு காலில் ப்ரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டி அழுத்திவைக்கும் அளவு), மறு காலில் டாம்பிங் (ஏறி இறங்கும் வேகத்தைத் தணிப்பது). ரெண்டு காலிலும் ஒரே திருகைத் தேடிக் குழம்புவது சகஜம். ஃபேக்டரி செட்டிங் நம் உடைந்த சாலைகளுக்கு, அதுவும் 65 கிலோ ஆளுக்கு, இறுக்கம். முதலில் ஒவ்வொரு திருகும் முழுக்க மூடிய இடத்திலிருந்து எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்று எழுதிவையுங்கள். ஃபோர்க் குழாயில் ஒரு ஜிப் டை கட்டி, ரைடிங் கியரோடு ஏறி உட்காருங்கள். முன்பக்கம் முழுக்க நீண்ட நிலையிலிருந்து 30 முதல் 35 மி.மீ. இறங்கவேண்டும். குறைவாக இறங்கினால் ப்ரீலோடைத் தளர்த்துங்கள். அதன்பிறகு கம்ப்ரஷன் டாம்பிங் (ஃபோர்க் அமுங்கும்போது தணிப்பது) திருகை அரைச் சுற்று திறந்து, தெரிந்த ஒரு சாலையில் ஓட்டிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு திருகுதான். ரெண்டைச் சேர்த்துத் திருப்பினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

ஈ.சி.ஆரில் இரவு ஓடிவிட்டு வந்தால் ஃபோர்க் குழாயில் பூச்சி ஒட்டிக் காய்ந்திருக்கும். அதைத் துடைக்காமல் மறுநாள் ஓட்டினால் அந்தக் காய்ந்த துணுக்கு எண்ணெயை அடைத்துவைக்கும் சீலுக்குள் போய் அதன் உதட்டைத் தூக்கிப் பிடிக்கும். அடுத்த நாள் குழாயில் மெல்லிய எண்ணெய் வளையம் தெரியும். உடனே சீல் மாற்ற ஓடவேண்டாம். வெளியே தூசி தடுக்கும் டஸ்ட் சீலைக் கீழே இறக்கி, மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமில் ஒரு கொக்கி வெட்டி, உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றினால் அழுக்கு வெளியே வந்துவிடும். பல கேஸ்களில் இதிலேயே கசிவு நின்றுவிடுகிறது. நிற்கவில்லையென்றால் தள்ளிப்போடாதீர்கள், எண்ணெய் வழிந்து பிரேக் பேடில் இறங்கினால் பேடையும் சேர்த்து மாற்றவேண்டும்.

டயர் பிரஷர் சாலைக்கு முன்னே 36, பின்னே 42 பி.எஸ்.ஐ., குளிர்ந்த நிலையில். இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் பந்தய ட்ராக்கில் அதே காற்றோடு இறங்கினால் டயர் சூடாகி பிரஷர் ஏறிப் பிடிப்பு குறையும். டயர் கம்பெனி சொல்லும் ட்ராக் அளவுக்கு இறக்குங்கள், வீடு திரும்பும் முன் மறக்காமல் ஏற்றுங்கள்.

பழைய வண்டி வாங்குபவர்கள் முதலில் கேட்கவேண்டியது வால்வ் கிளியரன்ஸ் (வால்வ் பக்கத்துக்கும் அதை அழுத்தும் கேமுக்கும் உள்ள இடைவெளி) பார்த்த ரெக்கார்ட். “சத்தமே வரலை, வால்வ் நல்லாத்தான் இருக்கு” என்பது தப்பு. இந்த இன்ஜின்களில் வால்வ் சீட் தேயத் தேய வால்வ் மேலே ஏறி, இடைவெளி குறைகிறது. குறைந்தால் சத்தமும் குறையும். கடைசியில் வால்வ் முழுக்க மூடாமல் நின்று, சூடு சீட்டுக்கு இறங்க வழியில்லாமல் விளிம்பு எரிந்துபோகும். காலையில் குளிர்ந்த இன்ஜின் வழக்கத்தைவிட நேரம் எடுத்து ஸ்டார்ட் ஆவதுதான் முதல் அறிகுறி. இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் என்ற சிறு தகடு, வால்வின் தலையில் கவிழ்ந்திருக்கும் பக்கெட்டுக்கு அடியில் இருப்பதால் அதை மாற்ற கேம் ஷாஃப்டைக் கழற்றவேண்டும். 16 வால்வ், ஒரு நாள் வேலை. மேனுவல் சொன்ன கிலோமீட்டர் தாண்டியிருந்து பில் காட்ட முடியவில்லையென்றால், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

அப்படியே ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஸ்டாப்பர் இடிக்கும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அலுமினிய ஃப்ரேமில் அந்த முனை நசுங்கியோ புதிதாகப் பெயிண்ட் அடித்தோ இருந்தால் வண்டி கீழே விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஃபேரிங் புதுசாக மாற்றியிருக்கலாம், அந்த முனையை யாரும் மாற்றுவதில்லை.