மானியம் தேட எது உதவும்: சந்தாத் தரவுத்தளமா, கையால் தொகுத்த பட்டியலா?

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் ஆய்வாளருக்கு இரண்டு விதமான அறிவுரை கிடைக்கும். பிவட்-ஆர்பி என்ற சந்தாத் தரவுத்தளத்தில் கணக்குத் திறந்து தேடலைச் சேமித்து வையுங்கள், விண்ணப்பம் கோரும் புதிய அழைப்புகள் வாராவாரம் மின்னஞ்சலில் வந்து விழும் என்பார் ஒருவர். நம் துறைக்குப் பணம் தரக்கூடியவர்கள் பதினைந்து இருபது பேர்தான், அவர்களை ஓர் எக்செல் தாளில் எழுதி வைத்துக்கொண்டு நேராகப் பின்தொடருங்கள் என்பார் இன்னொருவர். நம் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடலாம்: பட்டியல்தான். தரவுத்தளம் மோசம் என்பதால் வந்த முடிவு அன்று. சிங்கப்பூரில் இருந்துகொண்டு தேடும்போது தகுதி என்ற ஒரே சிக்கல் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. அதைக் கையாளப் பட்டியலே வசதி.

உள்ளூர்ப் பணத்தைப் பொறுத்தவரை இந்தப் போட்டிக்கே இடமில்லை. தேசிய ஆய்வு அறநிறுவனம், கல்வி அமைச்சு, தேசிய மருத்துவ ஆய்வு மன்றம், அறிவியல், தொழில்நுட்ப ஆய்வு அமைப்பான ஏஸ்டார் ஆகியவற்றின் அழைப்புகள் ஐஜிஎம்எஸ் எனப்படும் ஒருங்கிணைந்த மானியத் தளத்தில் வருகின்றன. விண்ணப்பிக்க சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளம் வேண்டும். அங்கே திறந்திருக்கும் அழைப்புகளோடு மூடப்பட்டவற்றையும் பாருங்கள். ஒரு திட்டம் சென்ற ஆண்டு எந்த மாதம் திறந்து எந்த மாதம் மூடியது என்று தெரிந்தால் அடுத்த சுற்றை ஏறக்குறையக் கணித்துவிடலாம். கல்வி அமைச்சின் கல்விசார் ஆய்வு நிதியில் டியர் 1 என்ற முதல் நிலை மட்டும் பல்கலைக்கழகங்களே நடத்துவது. அதன் அறிவிப்பு உங்கள் ஆய்வு அலுவலகத்தின் சுற்றறிக்கையில்தான் வரும், ஆகவே அந்தச் சுற்றறிக்கையைப் படிக்காமல் அழிக்காதீர்கள். சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு, மொழிப் புழக்கம் போன்றவற்றை ஆய்பவர்கள் தேசிய மரபுடைமைக் கழகத்தின் மரபுடைமை ஆய்வு மானியத்தையும் தேசிய நூலக வாரியத்தின் லீ கோங் சியான் ஆய்வாளர் திட்டத்தையும் அந்தந்த அமைப்பின் தளத்திலேயே பார்க்க வேண்டும்.

ஐஜிஎம்எஸ் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும். முதன்மை ஆய்வாளர் சமர்ப்பித்த மாத்திரத்தில் விண்ணப்பம் நிதியளிப்பவரிடம் போய்விடாது. உங்கள் நிறுவனத்தின் ஆய்வு இயக்குநர் ஒப்புதல் அளிக்க வேண்டும். திரையில் தெரியும் கெடு பல அழைப்புகளில் அந்த ஒப்புதலையும் சேர்த்தது. கடைசி நாள் மாலையில் பொத்தானை அழுத்துபவரின் விண்ணப்பம் ஒப்புதல் வரிசையிலேயே தங்கிப்போவது இதனால்தான்.

உண்மையான தேடல் வெளிநாட்டுப் பணத்தில்தான் இருக்கிறது. இனி எல்லாம் அதைப் பற்றியே.

தரவுத்தளம் முதலில் பொருத்துவது தலைப்பை. நிதியளிப்பவர் முதலில் பார்ப்பதோ, பணத்தை வாங்கும் நிறுவனம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதை. சிங்கப்பூருக்கு இதில் ஒரு தனி இடைஞ்சல் உண்டு. வளரும் நாடுகளுக்கென ஒதுக்கிய பணம் நமக்குக் கிடைக்காது, ஏனென்றால் இது உயர்வருமான நாடு. ஐரோப்பா, பிரிட்டன், அமெரிக்கா தத்தம் நிறுவனங்களுக்கென வைத்திருக்கும் பணமும் கிடைக்காது. நடுவில் மிஞ்சும் திட்டங்கள் சிலவே. 'மலேரியா' என்றோ 'நகர்ப்புற வெப்பம்' என்றோ தேடினால் வரும் நீண்ட முடிவுப் பட்டியலில் பெரும்பகுதி இந்த இரண்டு காரணங்களாலேயே அடிபட்டுப் போகும்.

வெல்கம் அறக்கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் நிதி தரும் அமைப்பு என்ற பெயர் அதற்கு உண்டு. ஆனால் அதன் முக்கியத் திட்டங்களில் விண்ணப்பிக்கும் நிறுவனம் பிரிட்டனிலோ அயர்லாந்துக் குடியரசிலோ குறைந்த, நடுத்தர வருமான நாடு ஒன்றிலோ இருக்க வேண்டும். சிங்கப்பூர் இந்த மூன்றிலும் சேராது. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் மானியங்களில் 'எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம்' என்ற வரி தேடல் முடிவில் கண்ணைக் கவரும். அது ஆளைப் பற்றிய விதி. பணத்தை நடத்தும் நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியத்திலோ அதனுடன் இணைந்த நாட்டிலோதான் இருக்க வேண்டும். இங்கே கென்ட் ரிட்ஜ் பல்கலைக்கழக வளாகத்தில் அமர்ந்தபடி அதை நடத்த முடியாது, அங்கே குடிபெயர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பின் கூட்டுத் திட்டங்களில் சிங்கப்பூர் நிறுவனம் பங்காளியாகச் சேரலாம். ஆனால் தானாகவே நிதி பெறும் நாடுகளின் வரிசையில் சிங்கப்பூர் இல்லை என்பதால் பெரும்பாலான அழைப்புகளில் நம் பங்குக்கான செலவை நாமே கொண்டுவர வேண்டியிருக்கும்.

அமெரிக்காவின் என்ஐஎச் (தேசிய சுகாதாரக் கழகங்கள்) இன்னும் நுட்பமானது. ஒவ்வோர் அழைப்பின் மூன்றாம் பிரிவிலும் தகுதி பற்றி வெளிநாட்டு அமைப்புகளுக்கெனத் தனி வரிகள் இருக்கும். ஒரு வரி வெளிநாட்டு நிறுவனம் நேரடியாக விண்ணப்பிக்கலாமா என்று சொல்லும். இன்னொன்று, அமெரிக்க நிறுவனம் ஒன்றின் விண்ணப்பத்துக்குள் வெளிநாட்டுப் பகுதி இருக்கலாமா என்று சொல்லும். இரண்டும் ஒன்றல்ல. முதலாவதற்கு 'இல்லை', இரண்டாவதற்கு 'ஆம்' என்று இருக்கும் அழைப்புகள் ஏராளம். தேடல் தளம் இரண்டையும் ஒரே தகுதிக் கட்டத்தில் அடைத்துவிடும்போது ஆய்வாளர் ஏமாந்துபோகிறார். இதற்கும் மேலே கொள்கை அறிவிப்புகள் இருக்கின்றன. 2025 மே மாதம், புதிய நடைமுறை ஒன்றை உருவாக்கும்வரை வெளிநாட்டு நிறுவனங்களுக்கான உள்மானியங்களை, அதாவது மானியம் பெற்ற நிறுவனம் பிரித்துத் தரும் பங்குகளை, வழங்குவதில்லை என்று என்ஐஎச் அறிவித்தது. இப்படிப்பட்ட அறிவிப்பு அழைப்பின் பதிவுக்குள் இருக்காது. வேறோர் இடத்தில் இருந்துகொண்டு எல்லா அழைப்புகளையும் ஒரே நாளில் மாற்றிவிடும். நிதியளிப்பவரின் அறிவிப்புகளை நேரடியாகப் படிப்பவருக்குத்தான் அது உடனே தெரியும்.

எதிர்ப்பக்கத்தில் ஹியூமன் ஃபிரான்டியர் சயன்ஸ் புரோகிராம் இருக்கிறது. சிங்கப்பூர் அதன் உறுப்பு நாடு, இங்குள்ள நிறுவனத்திலிருந்தே குழுவுக்குத் தலைமை ஏற்கலாம். உயிரியலில் வெவ்வேறு நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து செய்யும் மூன்றாண்டுத் திட்டங்களுக்கான பணம் அது. மார்ச் மாதம் விருப்பக் கடிதம் அனுப்ப வேண்டும். அதற்குச் சில நாள் முன்பே தளத்தில் விண்ணப்பத்தைத் தொடங்கி எண் வாங்கியிருக்க வேண்டும். விருப்பக் கடிதத்தின் தேதியை மட்டும் குறித்து வைப்பவர்கள் எண் வாங்கும் தேதியிலேயே வெளியேறிவிடுகிறார்கள். இத்தகைய திட்டம் நூறு பயனற்ற முடிவுகளுக்கு நடுவே ஒன்றாகத் தரவுத்தளத்தில் கிடக்கும். பட்டியலில் அது முதல் வரி.

இனி பட்டியலைக் கட்டும் விதம். ஒரு திட்டத்துக்கு ஒரு வரி. முதல் இரண்டு பத்திகளில் (நெடுவரிசைகளில்) நிதியளிப்பவரும் திட்டத்தின் பெயரும். மூன்றாவதுதான் உயிர்நாடி: சிங்கப்பூர் நிறுவனத்தின் நிலை. 'தலைமை ஏற்கலாம்', 'பங்காளி, பணத்துடன்', 'பங்காளி, பணமின்றி', 'இல்லை' என்று நான்கே விடைகள் போதும். 'இல்லை' என்று வந்த வரியை அழிக்க வேண்டாம். அடுத்த ஆண்டு யாராவது அதே அழைப்பை உற்சாகத்தோடு அனுப்பும்போது மறுபடி அரைநாள் படிக்காமல் இருக்க அது உதவும். நான்காவது பத்தியில் ஆளுக்கான விதி: முனைவர் பட்டம் பெற்று எத்தனை ஆண்டு, வேலை ஒப்பந்தம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பவை.

ஐந்தாவது, மறைமுகச் செலவு விழுக்காடு, அதாவது இடம், மின்சாரம், நிர்வாகம் போன்ற நிறுவனச் செலவுக்கான பங்கு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளூர் மானியங்களில் பொதுவாக நேரடிச் செலவின் மேல் 30 விழுக்காடு மறைமுகச் செலவாகக் கணக்கிடப்படுகிறது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு என்ஐஎச் தருவது 8 விழுக்காடு. இடைவெளியை யார் ஏற்பது என்று துறைத் தலைவரும் ஆய்வு அலுவலகமும் கையெழுத்திட வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். முன்கூட்டியே தெரிந்தால் கேட்டு வாங்கிவிடலாம். கடைசி வாரத்தில் தெரிந்தால் நல்ல விண்ணப்பம் ஒன்று இந்த ஒரு கையெழுத்துக்காக நின்றுவிடும்.

அடுத்து தேதிகள். கடந்த இரண்டு சுற்றுகள் திறந்த, மூடிய நாள்கள், விருப்பக் கடிதத்தின் கெடு, நேர மண்டலம் ஆகியவற்றை எழுதுங்கள். நேரம் சின்ன விஷயம்போலத் தோன்றும். பிரசல்ஸ் நேரம் மாலை 5 மணி என்றால் இங்கே கோடையில் இரவு 11, குளிர்காலத்தில் நள்ளிரவு 12. ஆனால் என்ஐஎச் கெடு விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் உள்ளூர் நேரப்படி மாலை 5 மணி. அமெரிக்காவில் இன்னும் பகல்தானே என்று நம்பி இரவு 9 மணிக்கு அனுப்பினால் நான்கு மணி நேரம் தாமதம்.

கடைசிக்கு முந்தைய பத்தியில் உங்கள் சொந்தக் கெடு. அதைப் பின்னோக்கி எண்ணுங்கள். அலுவலகம் சரிபார்க்க 10 வேலை நாள், மறைமுகச் செலவு ஒப்புதலுக்கு 5, வெளிநாட்டுக் கூட்டாளிகளின் கடிதங்களுக்கும் வரவுசெலவுக்கும் 15 என்று வைத்தால் மொத்தம் 30 வேலை நாள், அதாவது ஆறு வாரம். உங்கள் அலுவலகம் கேட்கும் நாள்கள் கூடலாம் குறையலாம், கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். என்ஐஎச்சின் முக்கிய ஆய்வுத் திட்ட மானியமான ஆர்01 வகைப் புதிய விண்ணப்பங்களுக்கு வழக்கமான கெடு பிப்ரவரி 5, ஜூன் 5, அக்டோபர் 5. பிப்ரவரிக் கெடுவுக்கு எண்ணும்போது ஆண்டிறுதி விடுமுறையும் சில ஆண்டுகளில் சீனப் புத்தாண்டும் இடையில் வரும். 2025இல் புத்தாண்டு ஜனவரி 29, 30. அந்த வாரம் அலுவலகத்திலிருந்து கையெழுத்து எதிர்பார்க்க முடியாது. ஆகவே பிப்ரவரிக்கான வேலையை நவம்பர் இறுதியில் தொடங்க வேண்டும். அழைப்பு வந்தபின் அனுப்பப்படும் வாராந்தர மின்னஞ்சல் இந்தக் கணக்கைச் செய்து தராது. திரும்பத் திரும்ப வரும் திட்டங்களுக்கு அழைப்பு வரும் முன்பே வேலை தொடங்க முடிவது பட்டியலின் பெரிய லாபம்.

தாளின் கடைசிப் பத்தி: இந்த வரியைச் சரிபார்த்த தேதி. பட்டியலின் பலவீனம் பராமரிப்பு என்பதால் இதை விட்டுவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைநாள் ஒதுக்கி ஒவ்வொரு வரியையும் நிதியளிப்பவரின் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். இணைப்புகள் செத்துப்போகும், திட்டங்கள் பெயர் மாறும். வெல்கம் 2021இல் தன் திட்ட வரிசையையே மாற்றியமைத்தது. அதற்கு முந்தைய பெயர்களை வைத்திருந்த பட்டியல்கள் எல்லாம் ஒரே நாளில் பழசாயின. உள்ளூரிலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இப்படி நடக்கும். 25 பில்லியன் வெள்ளியோடு 2021இல் தொடங்கிய ஆர்ஐஇ 2025 போன்ற தேசிய ஆய்வுத் திட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது வரம்புகளும் கருப்பொருள்களும் மாறும், அப்போது உள்ளூர் வரிகளை முழுதாகத் திருத்தி எழுத வேண்டும். இன்னொரு ஆபத்து, பட்டியல் ஒரே ஆளின் கணினியில் இருப்பது. ஆய்வு உதவியாளர் வேலை மாறிப் போனால் அதுவும் போய்விடும். குழுவின் பொதுக் கோப்பில் வையுங்கள். நிதியளிப்பவர்களின் மின்மடல்களுக்கும் தனிநபர் முகவரியைக் கொடுக்காமல் குழுவின் பொது முகவரியைக் கொடுங்கள்.

தரவுத்தளம் வெல்லும் இடங்களும் உண்டு. துறைக்குப் புதியவருக்குப் பட்டியலில் எதை எழுதுவது என்றே தெரியாது. துறை மாறுபவருக்கும் அப்படித்தான். மேலே சொன்ன தீர்ப்பு உயிர்மருத்துவம், பொறியியல், அறிவியல் துறைகளுக்கு உறுதியாகப் பொருந்தும். மானுடவியல், மொழியியல், கலை வரலாறு போன்றவற்றில் பணம் சின்னச் சின்னத் தொகைகளாக, பயண உதவி, ஆவணக்காப்பக உதவி, சில மாத ஆய்வுத் தங்கல் என்று சிதறிக் கிடக்கிறது. அங்கே பெரும்பாலும் ஆளுக்கான விதிதான் முக்கியம், நிறுவனத்தின் நாடு அவ்வளவு தடுப்பதில்லை. அந்தத் துறையினர் தரவுத்தளத்தை இவ்வளவு எளிதில் ஒதுக்க வேண்டாம்.

பயன்படுத்துவதானால் ஒரே பெரிய தேடலைச் சேமிக்காமல் மூன்று குறுகிய தேடல்களாகப் பிரியுங்கள். ஆய்வுப் பொருளுக்கு ஒன்று, முறைக்கு ஒன்று, தொழில்நிலைக்கு ஒன்று. இட வடிகட்டியில் கவனம் வேண்டும். ஆய்வு நடக்கும் இடம் வேறு, விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் இடம் வேறு. முன்னதில் சிங்கப்பூர் என்று போட்டால் சிங்கப்பூரைப் பற்றி ஆராய மற்ற நாட்டவருக்குத் தரும் பணமும் வந்து நிற்கும். பின்னதில் 'சிங்கப்பூர்' என்பதோடு 'கட்டுப்பாடு இல்லை' என்பதையும் சேர்த்துத் தேடுங்கள், இல்லாவிட்டால் உலகுக்கே திறந்த திட்டங்கள் விட்டுப்போகும். ஒரு பல்கலைக்கழகத்துக்கு இத்தனை விண்ணப்பம்தான் என்ற வரம்பு உள்ள அழைப்பைக் கண்டால் அன்றே ஆய்வு அலுவலகத்துக்கு எழுதுங்கள், உள்போட்டி எப்போதும் வெளிக்கெடுவுக்கு வெகு முன்பே முடிந்துவிடும். எதிர்பார்க்கப்படும் கெடு என்று குறித்த தேதி, போன சுற்றை வைத்துச் செய்த ஊகம். அதை நாட்காட்டியில் பென்சிலால் எழுதுங்கள்.

கணக்கு உங்கள் பல்கலைக்கழகத்தின் சந்தாவோடு கட்டுண்டது என்பதும் நினைவில் இருக்கட்டும். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் முன் சேமித்த தேடல்களையும் பின்தொடர்ந்த அழைப்புகளையும் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடுத்து வைக்கும் இடம் அந்த எக்செல் தாளாகவே இருக்கலாம். இரண்டு மாதம் தரவுத்தளத்தில் அலசி, தகுதியுள்ளவற்றை மட்டும் வரிவரியாகப் பட்டியலுக்கு மாற்றி, பிறகு வாராந்தர மின்னஞ்சலை நிறுத்திவிடுவது புதியவருக்கு ஏற்ற வழி. ஆண்டுக்கு ஒருமுறை, டிசம்பரில், அதே மூன்று தேடல்களை மறுபடி ஓட்டிப் பார்த்துப் புதிதாக வந்தவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.