ஒற்றை ரோட்டர் ரிமோட் ஹெலிகாப்டர்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிய வருபவை

இரட்டை ரோட்டர் (ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுழல் இறக்கைத் தொகுதிகள்) ஹெலிகாப்டரில் கை பழகியவர்கள் ஒற்றை ரோட்டருக்கு மாறியதும் முதலில் சந்தேகப்படுவது ட்ரிம்மைத்தான், அதாவது ஒதுங்கலைச் சரிசெய்யும் ரிமோட் பட்டனைத்தான். மேலே எழும்பியதும் பக்கவாட்டில் நகர்கிறது என்று பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலான மாடல்களில் மெயின் ரோட்டர், மேலிருந்து பார்த்தால், கடிகாரச் சுற்றில் சுழலும். உடல் எதிர்த்திசையில் திரும்பாமல் வால் ரோட்டர் தடுக்கிறது. அந்த உந்துதலே ஹெலிகாப்டரை இடப்பக்கம் தள்ளவும் செய்யும். எனவே வலப்பக்கம் லேசாகச் சாய்ந்தபடி ஒரே இடத்தில் நிற்பது அதன் இயல்பு.

ட்ரிம்மைத் தொடும் முன் கைரோவை, அதாவது உடல் திரும்புவதை உணர்ந்து நிலைநிறுத்தும் சென்சாரைப் பாருங்கள். பேட்டரியை இணைத்ததும் சமதளத்தில் வைத்து, விளக்கு நிலையாக எரியும் வரை கை படக்கூடாது. அந்தச் சில விநாடிகளில் அசைந்தால், கைரோ தவறான நிலையை நேர்நிலை என்று எடுத்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றி மீண்டும் இணைத்தால் சரியாகிவிடும்.

மற்ற தொல்லைகளில் பெரும்பகுதிக்குக் காரணம் அதிர்வு. கைரோவைக் குழப்புவது, வாலை மெல்ல ஒதுங்கவைப்பது, திருகுகளைத் தளர்த்துவது எல்லாம் அதன் வேலைதான். தேடும் வரிசை முக்கியம்: முதலில் பிளேடு, அடுத்து பிளேடு போல்ட், பிறகு ஃபெதரிங் ஷாஃப்ட் (இரு பிளேடு பிடிகளையும் இணைக்கும் குறுக்கு அச்சு), கடைசியில் மெயின் ஷாஃப்ட் (ரோட்டரைச் சுழற்றும் செங்குத்து அச்சு). பிளேடு நுனியில் சிறு வெடிப்பு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஒட்டிப் பயன்படுத்துவது ஆபத்து. போல்ட்டை இறுக்கி முறுக்கவே கூடாது. ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்தால் பிளேடு தானாகத் தொங்கக்கூடாது, விரலால் தட்டினால் நகர வேண்டும். கீழே விழுந்த பிறகு மெல்லிய நடுக்கம் வந்தால் ஃபெதரிங் ஷாஃப்ட்டைக் கழற்றிக் கண்ணாடி மீது உருட்டிப் பாருங்கள். தத்தித் தத்தி உருண்டால் வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்த முயலாதீர்கள், புதியதைப் போடுங்கள். இது மலிவான உதிரி. இரண்டு மூன்று கையிருப்பில் இருப்பது நல்லது.

இரண்டு பிளேடும் ஒரே தளத்தில் சுழலாவிட்டாலும் நடுக்கம் வரும். ஒன்றின் நுனியில் வண்ண டேப் ஒட்டி, பாதுகாப்பான தூரத்தில், கண்மட்டத்தில் பாருங்கள். டேப்பின் எடை சமநிலையைக் கெடுக்காமலிருக்க மற்றொன்றிலும் அதே அளவு வேறு நிற டேப் வேண்டும். உயர்ந்து சுழலும் பிளேடின் லிங்க்கை (சாய்கோணத்தை மாற்றும் சிறு இணைப்புக் கம்பியை) ஒரு சுற்றுத் திருகி, அதன் சாய்கோணத்தைக் குறைக்க வேண்டும்.

வாலில் தனி மோட்டார் உள்ள சிறிய மாடல்களில், த்ராட்டில் (மோட்டாருக்குத் தரும் விசை) கூட்டும்போது உடல் சுழலத் தொடங்கினால் முதலில் வால் ஷாஃப்ட்டில் முடி, நூல் சுற்றியிருக்கிறதா பாருங்கள். வீட்டுக்குள் பறக்கவிடுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். சுத்தம் செய்தும் சுழன்றால் மோட்டார் தேய்ந்துவிட்டது. பிரஷ் மோட்டார் தேய்வது இயல்பு, இதைப் பழுதாகக் கருத வேண்டாம்.

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை. ஒரு செல்லின் முழு அளவு 4.2 வோல்ட். தரையிறங்கிச் சற்று நேரம் ஆன பிறகு 3.7 வோல்ட் அளவில் நின்றால் சரியான நேரத்தில் இறக்கியிருக்கிறீர்கள். 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் செல் கெடும். 1000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை 1 ஆம்பியரில் சார்ஜ் செய்வது பாதுகாப்பு. சில நாள் பறக்கவிடப் போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் வையுங்கள். உப்பிய பேட்டரி எவ்வளவு புதியதாக இருந்தாலும் கழிக்க வேண்டியதே.

பறக்கப் பழக, குறுக்குக் கம்பியும் பந்துகளும் கொண்ட பயிற்சிக் கால் அவசியம். வால் உங்களை நோக்கி இருக்கட்டும். ரோட்டரின் விட்டத்தைவிடத் தாழ்வாக நிறுத்தினால், தரையில் மோதும் காற்று ஹெலிகாப்டரைத் தளும்பவைக்கும். பயத்தில் தரையை ஒட்டியே வைத்திருப்பதால்தான் பலருக்குக் கட்டுப்பாடு வருவதில்லை. சற்று மேலே ஏற்றினால் அமைதியாக நிற்கும். அடுத்து பக்கவாட்டு நிலை, அதாவது ஹெலிகாப்டரின் பக்கம் உங்களை நோக்கி இருக்கும் நிலை. மூக்கு உங்களைப் பார்க்கும் நிலையில் இடம் வலமும் முன் பின்னும் தலைகீழாகும் என்பதால் அதைச் சிமுலேட்டரில் (கணினிப் பயிற்சி மென்பொருளில்) கை தானாகத் திருத்தும் வரை பழகுங்கள். மோதப்போகிறது என்று தெரிந்த கணமே த்ராட்டிலை நிறுத்துங்கள்: சுழலாத பிளேடு தரையில் பட்டால் கீறலோடு போகும், சுழலும் பிளேடு பட்டால் ஷாஃப்ட், கியர், செர்வோ (பிளேடின் சாய்வை இயக்கும் சிறு மோட்டார்) வரை உடையும்.